மூன்றாம் எச்சரிக்கை நாளில் பசை காய்ச்சுவது

மூன்றாம் எச்சரிக்கை என்றது ரேடியோ.
பஸ் ஓடாது, கடை திறக்காது, பள்ளியும் இல்லை.
கத்ர் போர்ன் ஊரே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.
மாலினி காந்தோஸ் ஆஸ்பத்திரியில்.
வேலை முடிந்தும் வீடு திரும்ப வழியில்லை.
வீட்டில் நான்,
ஐந்து வயது லவீனா,
பக்கத்து வீட்டு ழான்
(அவன் அம்மாவும் அதே வார்டில்தான்),
பிறகு ஒரு சுருள் டேப்.

ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறி போட
வாங்கி வைத்த டேப் அது.
பாதிச் சுருளைக் காணோம்.
மேசைக்கடியிலிருந்து ஓர் ஆமை ஊர்ந்து வந்தது:
முட்டை அட்டையில் பிய்த்த ஒரு குழி,
தீக்குச்சிக் கால் நான்கு,
உடம்பெங்கும் டேப்.
"அடிபட்டிருக்கு பப்பா,
கட்டுப் போட்டோம்."
நர்ஸ் பெற்ற பிள்ளை.
என்னத்தைச் சொல்ல.

சரி, பசை காய்ச்சலாம் என்றேன்.
மூன்று கரண்டி மைதா.
முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும்,
பிறகுதான் அடுப்பு.
அவசரப்பட்டால் கட்டி தட்டும்.
அவசரப்பட்டேன்,
தட்டியது.
ழான் விரலால் தொட்டு நக்கி
உப்பு பத்தவில்லை என்றான்.

பத்திரிகையைக் கிழித்தோம்.
மேலிருந்து கீழே கிழித்தால் நேராக வரும்,
குறுக்கே கிழித்தால் எங்கேயோ போகும்.
குறுக்கேதான் கிழிப்பேன் என்று இருவரும்
ஒரே குரலில்.
சனிக்கிழமைப் பந்தயத்துக்கு
நான் வட்டம் போட்டு வைத்திருந்த குதிரை
தலை வேறு வால் வேறாகிப்
பசையில் குளித்து
ஜன்னலில் போய் ஒட்டியது.

பெருக்கல் குறி நன்றாகவே இல்லை என்றாள் லவீனா.
ஒரு பக்கத்து இரண்டு முனைகளை
இன்னொரு துண்டால் இணைத்தாள்.
அந்தப் பக்கம் உடம்பு,
இந்தப் பக்கம் வால்.
கண்ணுக்கு ஒரு சட்டைப் பொத்தான்.
என் சட்டைப் பொத்தான்.
ஒரு மணி நேரத்தில் ஆறு கண்ணாடியிலும் மீன்.
வெளியே மாமரம் தலையை விரித்துப்போட்டு
ஆடத் தொடங்கியிருந்தது.
"மீனுக்குத் தண்ணி வருது" என்றான் ழான்.

மூன்றே காலுக்கு மின்சாரம் போனது.
பெட்டியில் இருந்த மெழுகுவத்தி முறிந்து இரண்டு துண்டு.
திரி உள்ளது வெளிச்சத்துக்கு,
இல்லாதது பிள்ளைகளுக்கு.
வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகால்
நாக்கைக் கடித்துக்கொண்டு
அழுத்தி அழுத்தி வரைந்தார்கள்.
ஒன்றும் தெரியவில்லை.
"என்ன வரைஞ்சே?"
"தெரியாமத்தானே வரையிறோம்!"

இரவு வந்தது காற்று.
கூரைத் தகரத்தை யாரோ
ஒரு முனையிலிருந்து உரிப்பது போல.
பிள்ளைகள் மேசைக்கடியில், ஆமையோடு,
மாவு காய்ந்த விரல்களோடு, நல்ல தூக்கம்.
நான் மீன்களை எண்ணினேன்.
ஆறு.
மறுபடி எண்ணினேன்.
பொழுது போகாமல்
மெழுகுத் துண்டை எடுத்து ஒரு தாளில்
நானும் எதையோ கிறுக்கினேன்.

காலை பத்து மணிக்கு மாலினி வந்தாள்,
காலணி கையில், முழங்கால் வரை சேறு.
மாமரம் தெருவில் படுத்திருந்தது.
மீன்களில் ஒன்றுக்கு மட்டும் கண் விழுந்திருந்தது.
"முதல்ல இங்க வா" என்று இழுத்துப் போனாள் லவீனா.
கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர்,
அம்மாவின் பையிலிருந்தே எடுத்த பஞ்சு.

முதல் தாளில் தடவத் தடவ
வெறும் மஞ்சள்.
"அது காத்து" என்றான் ழான்,
சற்றும் கலங்காமல்.
இரண்டாவதில் மஞ்சளுக்கு நடுவே வெள்ளையாய்
மெல்ல எழுந்தது ஓர் ஆமை,
தலையில் நர்ஸ் தொப்பி.
மாலினி சிரித்தாள்.
சேற்றுக் காலோடு தரையிலேயே உட்கார்ந்து
மூன்றாவதைத் தானே எடுத்துத் தடவினாள்.

பள்ளியோடு நின்றுபோன என் தமிழ்,
கோணல் எழுத்து மூன்று.
அவளும் பள்ளியோடு விட்டவள்தான்.
கூட்டிக் கூட்டிப் படித்தாள்:
ப.
ய.
ம்.

"யார் எழுதினது?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் ஆமையைக் காட்டினேன்.